தாழ்ந்துபோன நாற்காலி

நாற்காலி மறுபடியும் இறங்கிவிட்டது.

அவன் எழுந்து அதைத் தூக்கி நிமிர்த்தினான். உட்கார்ந்து பார்த்தான். பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அது அவனையும் சுமந்துகொண்டு கீழே போனது. மேஜை விளிம்பு நெஞ்சுக்கு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்து நாற்காலியோ மாமனார் மாதிரி விறைப்பாக நின்றது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியைத் தேடி அடியில் துழாவினான். அது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

"போச்சு," என்றான், காலி அறையைப் பார்த்து.

ஒரு நாற்காலிக்கா இவ்வளவு பதட்டம்? நகராட்சித் துப்புரவுத் துறையின் தொழிலாளர் உறவுப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதிகாரியும் சங்கத் தலைவரும் பேச உட்காரும்போது ஒரு பக்கம் நாலு விரல் தாழ்ந்திருந்தாலும் அவமானம்தான். இன்று பேச்சு முறிந்தால் நாளைக் காலையிலிருந்து ஊரில் ஒரு குப்பை வண்டியும் ஓடாது.

அதைவிடப் பெரிய கவலையும் அவனுக்கு உண்டு. அவன் இன்னும் தற்காலிக ஊழியன். "இன்னிக்கு ஒழுங்கா நடந்தா உன்னை நிரந்தரமாக்கறதைப் பத்தி யோசிக்கலாம்," என்று அதிகாரி காலையில் சொல்லியிருந்தார். "யோசிக்கலாம்" என்ற வார்த்தையை அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் மாமனார் அவனைத் "தற்காலிக மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். அதுதான் இன்னும் வலிக்கும்.

இந்த வேலையை முன்பு பார்த்தவர் நிதானமான மனிதர். இடியே விழுந்தாலும் கொட்டாவி விடுவார். அவரை ஒரே வருஷத்தில் ஆவணக் கிடங்குக்குத் தள்ளிவிட்டு, பேனா கீழே விழுந்தாலே துள்ளுகிற இவனைக் கொண்டுவந்து உட்காரவைத்தது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஆபீசில் இவனுக்குப் பெயரே "அவசரம்"தான்.

அவசரம் இரண்டு தடிமனான கோப்புகளை எடுத்துத் தாழ்ந்த நாற்காலியில் அடுக்கினான். இப்போது அது மற்றதைவிட நாலு விரல் உயரமாகிவிட்டது. சரி, நல்ல நாற்காலியை இறக்கிவிடுவோம் என்று அதன் கைப்பிடியை அழுத்தினான். அது தடாலென்று அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டது.

கேண்டீன்காரர் டீத் தட்டோடு எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, தரையில உக்காந்து பேசப்போறாங்களா?"

"அண்ணே, கிண்டல் பண்ணாதீங்க. உங்ககிட்ட ஒரே மாதிரி ரெண்டு நாற்காலி இருக்கா?"

"பெஞ்சுதான் இருக்கு."

"பெஞ்சா? ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்தா, தலைவரு விலைபோயிட்டாருன்னு சொல்லிடுவாங்கண்ணே!"

"அப்பறம் உங்க இஷ்டம்," என்று அவர் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். அது ஆறி ஆடை படிந்தது.

அதிகாரிக்கு போன் செய்தான். "இதையெல்லாம் என்கிட்ட ஏன்யா கேக்கற? தலைவர்கிட்ட போய்ச் சொல்லு. போன்ல சொல்லாதே, மரியாதை இல்ல. நேர்ல போ. ஓடு!"

சங்க ஆபீஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம். முற்றம் முழுக்கத் தொழிலாளர்கள். கிழிந்த ரப்பர் பூட்சுகளைக் கையில் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புது பூட்ஸ், வாரம் ஒரு நாள் லீவு, இவைதான் கோரிக்கை. நடுவில் சட்டை நனைந்து ஓடுகிறவனை ஒரு அக்கா மறித்தாள்.

"என்னப்பா, ஏன் இப்படி வேர்க்குது? உள்ள என்ன நடக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. உக்காரத்தான் நாற்காலி இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் செய்தி பின்வரிசைக்குப் போய்விட்டது. "நம்ம தலைவருக்கு உக்கார நாற்காலி இல்லையாம்!"

கோஷம் கிளம்பியது.

தலைவர் ஜன்னலோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்க அதிகாரி எதுல உக்காருவாரு?"

"அவருக்கும் இல்லீங்க."

"அப்ப ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பேசுவோம்னு போய்ச் சொல்லு. முற்றம் வழியாவே போ. ஓடிப் போ!"

ஓடினான். அக்கா மறுபடி பிடித்துக்கொண்டாள். "என்னவாம்?"

"நின்னுக்கிட்டே பேசப்போறாங்கக்கா."

"நிக்கவெச்சுப் பேசறாங்களாம்!" என்று பின்வரிசை எழுந்தது. முன்வரிசையும் எழுந்தது. ஒரு பூட்ஸ் பறந்து வந்து அவன் முதுகில் விழுந்தது. ஓட்டை பூட்ஸ்தான், ஆனாலும் கனம்.

அதிகாரியின் அறைக்குள் வந்து விழுந்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. "சார்... கைமீறிப் போச்சு சார்."

அதிகாரி ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். ஏனோ அவருக்குக் கோபம் வரவில்லை. "சரி, அவரை வரச்சொல்லு," என்றார்.

தலைவர் வந்ததும் இருவரும் அந்த நாற்காலி அறைக்குள் போனார்கள். கதவு மூடியது. மேஜையைக் குத்துகிற சத்தம். "முடியாது!" என்று ஒரு குரல். "முடியணும்!" என்று ஒரு குரல். வெளியே அவசரம் சுவரில் சாய்ந்து, மாமனாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. தலைவர் கைகளைத் தூக்கினார். "பூட்ஸும் உண்டு! லீவும் உண்டு!"

முற்றம் அதிர்ந்தது. தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன், உள்ள பெரிய சண்டைன்னு," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவசரம் காலி அறைக்குள் போய்த் தரையிலேயே உட்கார்ந்தான். கேண்டீன்காரர் டீ கிளாஸ் எடுக்க வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, தாழ்ந்த நாற்காலியின் அடியில் நிதானமாகத் திருகினார்.

"அண்ணே! இது உங்ககிட்ட எப்படி?"

"உங்க அதிகாரிதான் கழட்டச் சொன்னாரு. நேத்து சாயங்காலமே அவரும் தலைவரும் எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க தம்பி. டீ குடுத்ததே நான்தான்."

"அப்ப நான் ஓடினது?"

"சும்மா குடுத்தா ஜனம் நம்புமா? போன தடவை அந்த நிதானக்காரரு கொட்டாவி விட்டுக்கிட்டே நடந்தாரு, தலைவரு விலைபோயிட்டாருன்னு சொல்லிட்டாங்க."

"என்... என் நிரந்தரம்?"

கேண்டீன்காரர் கோப்புகளை எடுத்துவிட்டு, நாற்காலியை உயர்த்தி உட்கார்ந்து பார்த்தார். அது இறங்கவில்லை.

"அது போன மாசமே ஆகிடுச்சு தம்பி, தெரிஞ்சா உங்க மூஞ்சி தெளிஞ்சிடும்னு யாரும் சொல்லல."