சிவானந்தம் பிள்ளையின் கரண்டு மணி

ஒரு கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கைதட்டிவிட்டார். அமரவிளை சிவானந்தம் பிள்ளை செய்த குற்றம் அவ்வளவுதான். மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைப்பு வேண்டும் என்று கேட்டவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த காலம். தெற்கே துப்பாக்கி வெடித்த சேதி வந்ததிலிருந்து, தோப்பில் தென்னமட்டை விழுந்தாலும் பிள்ளை கட்டிலுக்கடியில் இருப்பார்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டார். வாசலில் பொத்தான், அடுக்களையில் கரண்டு மணி. போலீஸ் வந்தால் மனைவி சண்முகவடிவு அமுக்குவாள். அவர் பின்வாசல் வழியாக வாழைத்தோட்டத்துக்கு ஓடுவார்.

கரண்டு வேலைக்கு ஆளைக் கூப்பிட்டால் சேதி வெளியே போகுமே! துண்டு வயர்களைத் தானே முறுக்கி இணைத்து, முடிச்சு முடிச்சாக மெயின் பெட்டிக்குள் திணித்தார். மூடி மூடவில்லை. முழங்காலால் அமுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார்.

"இது பெட்டியா, பிள்ளத்தாச்சி வயிறா?" என்றாள் வடிவு. "முக்கால் பெட்டிக்கு மேல இணைப்பு நிறையப்பிடாது, கேட்டியளா? எங்க அண்ணனுக்க மில்லுல இப்பிடித்தான் தீ பிடிச்சுது."

"எனக்குப் படிப்பிச்சுத் தரண்டாம். ஊரே இணைப்பு கேக்குது, நான் செஞ்சா குத்தமா?"

"அந்த இணைப்புக்குப் போலீஸ் வரும். இந்த இணைப்புக்குத் தீயாக்கும் வரும்!"

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது.

பிள்ளை காப்பியைக் கொட்டிவிட்டு ஓடினார். வேட்டியை வேலி பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினார். வாழை மூட்டில் குந்தியபோது பல் தந்தியடித்தது. வீட்டுக்குள் ஏகப்பட்ட குரல்கள். வடிவைப் பிடித்துவிட்டார்களோ? ஓடிவந்தது தப்பு என்று தோன்றியது. இடுப்பில் ஒரு வாழையிலையைச் சுற்றிக்கொண்டு, நடுங்கி நடுங்கித் திரும்பி வந்து கதவைத் தள்ளினார்.

கூடம் நிறையப் பெண்கள். நடுவில் வடிவு நின்று, பாறசாலை இணைப்பு ஊர்வலத்துக்கு யார் யார் வருவது என்று பேசிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வாழையிலையைப் பார்த்தார்கள்.

"போலீஸ்?"

"ஒருத்தரும் வரல்ல. நீங்க இருந்தா இந்தக் கூட்டம் நடக்க விடுவியளா?"

பிள்ளை மெயின் பெட்டியைப் பார்த்தார். கயிறு இல்லை. மூடி ஒழுங்காக மூடியிருந்தது.

"ஒங்க இணைப்பையெல்லாம் மத்தியானம் நீங்க உறங்கும்போ அண்ணன் வந்து பிரிச்சுப் போட்டாச்சு."

"பின்ன, அடிச்ச மணி?"

வடிவு பூஜை மணியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒங்கள ஓட்டுறதுக்குக் கரண்டு எதுக்கு?"