கடைசி வீட்டு இன்ஜின் ஆயில் மாநாடு

மனிதகுலத்தின் மாபெரும் முடிவுகள் அனைத்தும் கூடிப் பேசி எடுக்கப்பட்டவையே. தெருவின் கடைசி வீட்டுக்காரர் இதை அறிந்தவர். கொசுவலை வாங்கவே இரண்டு அமர்வு நடத்தியவர். மச்சினன் வைத்த பெயர் "கமிட்டி அத்தான்".

அவர் மனைவி டீச்சர். திங்கள் காலை பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே ஒரு பெரிய பள்ளியில் தலைமையாசிரியை பதவிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. வருடக்கணக்காகக் காத்திருந்த வாய்ப்பு.

"பஸ்லயே போயிடறேங்க."

"ஹெட்மிஸ்ட்ரஸ் பஸ்ல போய் இறங்குறதா? கார் எதுக்கு இருக்கு?"

ஞாயிறு காலையே காருக்கடியில் புகுந்து, பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்தார்.

"புதுசு எதுன்னு முடிவு பண்ணாம பழசை ஏங்க வடிச்சீங்க?"

"பழசு உள்ள கிடந்தா, புதுசைப் பத்தி நடுநிலையா யோசிக்க முடியாதும்மா."

"கார் புக்குல அஞ்சு டபிள்யூ முப்பது ஆயில்னு போட்டிருக்கே?"

"அது கார் செஞ்சவன் கருத்து."

மாலை கூடத்தில் "உயர்மட்டக் கூட்டம்". அத்தான் கெட்டி ஆயில் கட்சி, மச்சினன் மெல்லிசு.

"அத்தான், கெட்டியா ஊத்துனா காலையில இன்ஜின் எந்திரிக்கவே சோம்பல்படும்."

"மாப்ளே, தண்ணியா ஊத்துனா சூட்டுல ஓடிப்போயிடும்."

"ஓடத்தானே அத்தான் கார்?"

சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சர் பொறுமையிழந்தாள். "புக்குல இருக்கறதையே வாங்கித் தொலைங்களேன்!"

"பொதுமக்கள் கருத்து" என அது ஒருமனதாக நிறைவேறியது. மச்சினன் ஓடிப்போய்க் கேன் வாங்கி வந்தான். கேனை ஷோகேஸ் நடுவில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கைதட்டினார்கள். வேலை முடிந்த திருப்தியில் அத்தான் படுத்துத் தூங்கிவிட்டார்.

காலையில் வண்டி கிளம்பியது.

"ஏங்க, சிவப்பா ஏதோ லைட் எரியுதே?"

"புது ஆயில்மா. வண்டிக்குப் பழக வேண்டாமா?"

"சத்தம் வேற வருது!"

"பழகுது."

பாதி வழியில் பழகி முடித்து, கார் நின்றேவிட்டது. கைகாட்டிய வண்டி எதுவும் நிற்கவில்லை. போன் போட்டு வரவழைத்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து, அளவு பார்க்கும் குச்சியை உருவினார். காய்ந்து கிடந்தது.

"சார், உள்ள ஆயிலே இல்லையே! இன்ஜின் இறுகிப் பிடிச்சிருச்சு. ஆயில் எங்க?"

"ஷோகேஸ்ல..." என்று இழுத்த அத்தான், ஒரு நொடியில் நிமிர்ந்துவிட்டார். "அப்போ, தப்பான ஆயில் ஊத்தலைங்கறது உறுதிதானே?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. கையிலிருந்த சான்றிதழ் உறையால் முகத்துக்கு விசிறிக்கொண்டாள்.

அத்தான் முகத்திலோ ஒரு பதற்றமும் இல்லை. எப்பேர்ப்பட்ட மனத்திடம்! பதறுவதற்கு, போனது அவருடைய வேலையா என்ன?