கட்டைவிரலும் வாத்துத் தவிடும்

அன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் இருந்தவர்கள்: ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூட்டு ஆட்கள் முப்பது பேர், ரப்பர் பால்வாளி கழுவும் மாரியாயி அக்கா, கணக்குப் புத்தகத்தோடு நான், கரண்டியோடு கட்டைவிரல். இல்லாதவர்கள்: கால் வீங்கிக் கூலி வீட்டு லயத்தில் படுத்துவிட்ட முனியாண்டி; ஜப்பான் துரை வருகிறார் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போய்விட்ட, எங்களை மேய்க்கிற மண்டோர்.

கட்டைவிரலைப் போல ஒரு சமையல்காரர் கெடா மாநிலத்தில் முன்னும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. குழம்பைத் தொட்டுப் பார்க்காமல், குடிக்கிறவனைத் தொட்டுப் பார்த்தே சமைத்தவர் அவர் ஒருவர்தான்.

திகாம் பத்து ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தொழிற்சாலை. ஜப்பான்காரன் காலத்தில் கூலிக்காக யாரும் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்காக வந்தார்கள். சாப்பாடு என்றால் மரவள்ளிக்கிழங்கு. திங்கட்கிழமை அவித்தது, செவ்வாய்க்கிழமை இடித்தது, புதன்கிழமை திங்கட்கிழமை மிஞ்சியது. கட்டைவிரல் முன்பு தோட்ட ஆஸ்பத்திரியில் தட்டு கழுவியவர். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் சொல்லக் கேட்டதுதான் அவருக்கு வேதம்: கிழங்கையோ, தவிடு போன வெள்ளைச் சோற்றையோ மட்டும் தின்றால் கால் வீங்கும், அப்புறம் நெஞ்சு நிற்கும், தவிடு தின்றால் வீக்கம் வடியும்.

ஆகவே சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் ஒரு விறகுக்கட்டை கிடந்தது. அதில் காலை வைத்தால்தான் தட்டில் ஏதாவது விழும். கீழ்க்காலைக் கட்டைவிரலால் அமுக்குவார். விழுந்த குழி எழும்பாமல் நின்றால் இரண்டு கரண்டி தவிட்டுக் கஞ்சி.

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட காலை இப்படிப் பார்க்கலண்ணே!” என்பார் மாரியாயி அக்கா.

“பார்த்திருந்தா ஓடியிருப்பாங்க. குடி.”

“மரத்தூள் மாதிரி இருக்குலா!”

“மரத்தூளை நீ எப்பத் தின்ன?”

வீங்காத காலை மட்டும் நீட்டிப் பார்த்தவர்கள் உண்டு. மறுநாளிலிருந்து இரண்டு காலையும் அமுக்கினார். கரங்கானில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், காலில் விழுந்த மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்திக் குனிந்து அவன் காலை அமுக்கிவிட்டுத்தான் ஆசீர்வாதம் செய்தார்.

தவிடு எங்கிருந்து வந்தது? துரையின் வாத்துகளுக்கு வாரம் இரண்டு மூட்டை வரும். கட்டைவிரல் அதில் ஒன்றரையைக் கஞ்சிக்கு இழுத்துக்கொள்வார். முனியாண்டிக்கும் தினம் ஒரு குவளை லயத்துக்குப் போகும். அது நின்றால் முனியாண்டியும் போய்விடுவார். ‘வாத்துக்கு இரண்டு மூட்டை’ என்று புத்தகத்தில் எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதலில் பொய்க்கணக்கு எழுதியவனும் நானே.

அன்று துரை பூட்ஸ் இல்லாமல், செருப்போடு, ஒரு வாத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியபடி வந்தார். எல்லோரும் இடுப்பு ஒடியக் குனிந்தோம்.

“இது ஏன் மெலிஞ்சது?” என்றார், தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில்.

“கவலை, துவான்,” என்றார் கட்டைவிரல்.

துரை வாத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கினார். “இது யார் எழுத்து?”

என் கை தானாக உயர்ந்தது. அவர் கையும் உயர்ந்தது. நடுவே கட்டைவிரல் வந்து நின்றார். அறை அவர் மேல் விழுந்தது.

“பையன் நான் சொன்னதைத்தான் எழுதினான், துவான். தவிட்டை எடுத்தது நான்.”

இரண்டாவது அறையில் கீழே விழுந்தார். விழுந்த இடத்தில் அவர் கண்ணுக்கு நேராகத் துரையின் கால். இத்தனை நாள் பழக்கம் சும்மா இருக்குமா? அமுக்கிவிட்டார்.

குழி எழும்பவில்லை. துரையும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பூட்ஸ் ஏறலையா, துவான்?” தரையில் கிடந்தபடியே கேட்டார் கட்டைவிரல். “தினமும் வெள்ளைச் சோறு மட்டுமா?”

துரை தலையசைத்தார்.

“மாரியாயி, துவானுக்கு ரெண்டு கரண்டி.”

துரை குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க முப்பது பேரும் அவரவர் தட்டைப் பார்த்தோம். மறுநாளும் வந்தார். கேட்காமலே காலைக் கட்டையில் வைத்தார். இரண்டு வாரத்தில் பூட்ஸ் ஏறியது.

அதன்பின் இரண்டு மூட்டையும் நேராகக் கொட்டகைக்கே வந்தன. முனியாண்டி எழுந்து நடந்து வந்து, கஞ்சி சரியில்லை என்றார். வாத்துகள் கால்வாயில் புழு தேடக் கற்றுக்கொண்டன.

இதற்கெல்லாம் ஆன மொத்தச் செலவு, கட்டைவிரலின் கன்னத்தில் இரண்டு அறை. அதில் ஒன்று எனக்கு வரவேண்டியது.