காணாமல் போன ஆறு பலகைகள்

உலகத்தில் கட்டடங்கள் இடிந்து விழாமல் நிற்பதற்குச் சிமெண்டு காரணமல்ல, புதுமைக் கட்டுமானப் பொருள் ஒப்புதல் அலுவலகமே காரணம். தொடங்கிய நாள்முதல் அது எந்தப் புதுமைக்கும் ஒப்புதல் தந்ததில்லை. ஆகவே ஒப்புதல் பெற்ற எந்தப் புதுமையும் இதுவரை இடிந்ததில்லை.

இந்த மகத்தான அலுவலகத்துக்குப் பலகைக்காரர் நான்காவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தார். மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக்கையும் அழுத்தி, தண்ணீர் இறங்காத கூரைப் பலகை செய்தவர் அவர். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பள்ளிக்கூடக் கூரை முறைப்படி ஒப்புதல் பெற்றது. முறைப்படி ஒழுகுகிற கூரை. பிள்ளைகள் வகுப்புக்குள் குடை பிடித்துப் படித்தார்கள். சான்றிதழ் வந்தால் மறுநாளே பலகையைப் போடலாம் என்று தலைமையாசிரியர் சொல்லி மூன்று மழைக்காலம் போய்விட்டது.

"ரெண்டாம் வகுப்புல பாதிப் பேருக்குக் காய்ச்சல். இன்னிக்கும் வெறுங்கையோட வராதீங்க" என்று காலையில் மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெளியே மழை கொட்டியது. அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரே குறை, நீங்க சோதனைக்குக் குடுத்த மாதிரிப் பலகையைக் காணோம்."

"ஆறு குடுத்தேனே சார்."

"ஆறையும்தான் காணோம்."

பலகைக்காரர் அலுத்துப்போய் அண்ணாந்து பார்த்தார். அதிகாரியின் நாற்காலிக்கு நேர் மேலே, தன் கையால் எண் எழுதிய ஆறு பலகைகளும் வரிசையாக இருந்தன.

"சார், அதோ இருக்கு."

"ஓ, அதுவா? முன்னெல்லாம் என் தலையிலயே சொட்டும். பியூன் எங்கேயோ கிடந்ததை எடுத்துப் போட்டார். மூணு மழைக்காலமா ஒரு சொட்டு இறங்கலை. அருமையான பலகை."

"அப்ப அதையே எழுதிடுங்களேன்."

"அதெப்படி? சோதனைக்கூடத்துல நனைஞ்சாத்தான் சோதனை. இங்க நனைஞ்சா அது வெறும் மழை."

"சரி, கழட்டிச் சோதனைக்கு அனுப்புங்க."

அதிகாரி நிஜமாகவே பதறினார். "இந்த மழையிலயா? கோப்பெல்லாம் நனைஞ்சிடுமே. உங்க கோப்பும் இங்கதானே இருக்கு?"

பிறகு கடமை தவறாமல் கடிதம் எழுதினார். மாதிரி இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஒப்புதல் பெறாத பொருள் அலுவலகக் கூரையில் இருப்பது குறித்து, அதைச் செய்தவர் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

பலகைக்காரர் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மனைவி கடிதத்தைப் பிரித்ததும் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரில் அதிகாரியின் கையெழுத்து கலைந்தது. பலகைக்காரர் அவசரமாகக் குடையைக் கடிதத்தின் மேல் சாய்த்தார்.

"பிள்ளைங்க பக்கம் பிடிங்க" என்றார் மனைவி. "இதை எழுதின ஆளு நனையாமத்தானே எழுதியிருக்காரு."