நாலு மூலையிலும் மஞ்சள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
7 மார்ச் 1937, ஞாயிறு, ராகு காலத்துக்கு முன்.

அன்பிற்குரிய மைத்துனர் கார்த்திகேசு அவர்களுக்கு,

கன்னையா எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் மருமகன் ராதாகிருஷ்ணன், நான்கு கோழிகள் உள்பட அனைவரும் சுகம். அவ்விடம் தாங்களும் தங்கை புஷ்பவல்லியும் குழந்தைகளும் சுகமாயிருக்க முருகன் துணை.

சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் நீங்கள் வேலை பார்க்கும் சாமான் கிடங்குக்கு எழுத்தர்கள் வேண்டும், ராதாவை மனுப் போடச் சொல்லுங்கள் என்று சென்ற புரட்டாசியில் எழுதினீர்கள். மாசியும் முடியப்போகிறது. ‘விண்ணப்பம் என்ன ஆயிற்று, ஒன்றையும் மறைக்காமல் விவரமாக எழுதுங்கள்’ என்று போன வாரக் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் எனக்குப் பயம். கடற்படை என்றால் பையனைக் கப்பலில் ஏற்றிச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முச்சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கிற பீர் முகம்மதுதான் தெளிய வைத்தார். “அட என்னண்ணே நீங்க! கப்பல் தண்ணியில நிக்கும், உங்க புள்ள தரையில நிப்பான். துப்பாக்கியும் கிடையாது, தொப்பியும் கிடையாது. ஆணி எத்தனை, கயிறு எத்தனைன்னு எழுதுற வேலை. செந்தூல் ரயில் பட்டறைக் கிடங்குல நீங்க முப்பது வருசம் பார்த்தீங்களே, அதே வேலைதாண்ணே, மொதலாளிதான் வேற.” அதன்பிறகே ஒரு வாய் சாப்பிட்டேன். விண்ணப்பப் பாரம் வந்தது. வந்த பாரத்தைப் பார்த்தால் மச்சான், நாலு பக்கமும் கறுப்புக் கரை! கருமாதிக் கடிதத்துக்குப் போடுவார்களே, அதே கறுப்புக் கரை. நல்ல காரியத்துக்குப் போகிற காகிதத்தை இப்படி அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? ராதா அழகாக எழுதி முடித்துக் குளிக்கப் போன நேரம் பார்த்து, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் கட்டியாகத் தடவினேன். உச்சியில் காலியாக ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டேன். அது அலுவலக உபயோகத்துக்கு மட்டுமான கட்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஈர மஞ்சளில் மை ஊறி, பையனின் பிறந்த தேதி கரைந்து, தகப்பன் பெயரில் பாதி போய்விட்டது. இரண்டு வாரத்தில் பாரம் திரும்பி வந்தது, கறைபடாத தாளில் மறுபடி எழுதவும் என்று ஒரு சீட்டோடு. ராதா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். “அப்பா, இது கப்பல்படை ஆபீசுப்பா. கல்யாணப் பத்திரிகை இல்ல.” கோபித்துக்கொண்டு கத்தியிருந்தாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டான். சிரித்தால் அவன் அசல் உங்கள் அக்காதான்.

இரண்டாவது பாரம் கார்த்திகையில் வந்தது. அதற்கு உறவினர் அல்லாத பெரிய மனிதர் ஒருவரின் நற்சான்றிதழ் வேண்டுமாம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் சின்னையா அவர்களிடம் போனோம். அவருக்கு இப்போது கண் சரியில்லை, நீங்களே சொல்லுங்கள் கன்னையா, நான் இங்கிலீசில் எழுதுகிறேன் என்றார். பெற்ற பிள்ளையைப் புகழச் சொன்னால் விடுவேனா? ‘தகப்பன் சொல்லைத் தட்டாதவன், தகப்பன் சாப்பிடாமல் சாப்பிடாதவன், தகப்பனை விட்டு ஒரு நாளும் பிரிந்து இராதவன், இனிமேலும் இருக்கமாட்டான்’ என்று சொன்னேன். அவரும் மனம் உருகி அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து படித்த ராதா தலையில் கையை வைத்துக்கொண்டான். “இருநூறு மைலுக்கு அப்பால வேலை கேக்குறோம்பா. பிரிஞ்சு இருக்கமாட்டான்னு சாட்சி வாங்கியிருக்கீங்க!” வேறு சான்றிதழ் வாங்க ஒரு வாரம் போயிற்று. பிறகு தபாலில் போடப் புறப்பட்டேன். முதல் நாள் வாசலிலேயே கோழி தும்மிற்று. கோழி தும்முமா என்று கேட்கவேண்டாம், நான் காதால் கேட்டேன். மறுநாள் செவ்வாய். அதற்கு மறுநாள் தபாலாபீசில் நம் முறை வரும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. ஆக நல்ல நேரம் பார்த்து, நல்ல கிழமை பார்த்து, கடைசித் தேதிக்கு மூன்று நாள் கழித்து மிகவும் சுபமான வேளையில் அதைப் போட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது.

மூன்றாவது பாரம் பொங்கல் கழித்து வந்தது. இந்த முறை ராதா என்னைக் கிட்டவே விடவில்லை. மஞ்சள் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தான். உறையை ஒட்டும்வரை பக்கத்திலிருந்து நகரவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் அவனுக்குக் காய்ச்சல், ஆகவே நானே போட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன்.

மச்சான், இதுவரை எழுதியது எல்லாம் உண்மை. இனி எழுதப்போவதும் உண்மை. தபால் பெட்டிவரைக்கும் போனேன். நல்ல நேரம்தான், நல்ல கிழமைதான், யாரும் தும்மவில்லை. உறையைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்தும்விட்டேன். விரல் விடவில்லை. உங்கள் அக்கா வீரம்மா கண்ணை மூடும்போது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இன்றுவரை பத்து வருடமாக அவனுக்கு நான், எனக்கு அவன். சாயங்காலம் அவன் செருப்புச் சத்தம் கேட்டால்தான் நான் அடுப்பில் சோறு வைப்பேன். அவன் போய்விட்டால் யாருக்காக வைப்பது? உறையைத் திரும்ப எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, உங்கள் அக்காவின் பச்சைப் புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். “போட்டீங்களாப்பா?” என்று காய்ச்சலோடு கேட்டான். “போட்டாச்சு” என்றேன். பெற்ற பிள்ளையிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அதற்குப் பிறகு அவன் தினமும் வாசலில் நின்று தபால்காரரைப் பார்ப்பான். நான் உள்ளே கோழிக்குத் தவிடு பிசைவதுபோல் குனிந்துகொள்வேன். மூன்று வாரமாக அதையும் விட்டுவிட்டான். தபால் வரும் நேரம் பார்த்துப் பீர் முகம்மது கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான். நம்பிக்கை விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. போன மாதம் என்னைக் கூட்டிப்போய்ப் புதுச் சட்டை போட்டுப் படம் எடுத்தான். எனக்கெதற்குடா படம் என்றால், “சும்மாதான்பா” என்கிறான். கோழிகளைப் பீர் முகம்மதிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறான். வெறுத்துப்போன பிள்ளை இப்படித்தானே பேசும்?

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பூட்டி வைத்த விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தோடேயே வைத்து அனுப்புகிறேன். தேதி தாண்டியிருந்தால் துரையிடம் நடந்ததைச் சொல்லுங்கள், குற்றம் பையனுடையது அல்ல, கிழவனுடையது என்று சொல்லுங்கள். எப்படியாவது அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுங்கள். தாய்மாமன் நீங்கள், அவன் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். ரசத்தில் காரம் சேராது. என்னைப்பற்றிக் கவலை வேண்டாம், எனக்குக் கோழிகள் இருக்கின்றன. புஷ்பவல்லிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். நீங்களும் உங்கள் குடும்பமும் மூன்று வேளையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியத்தோடு நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
கன்னையா.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். விண்ணப்பத்தை எடுக்க இப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். பச்சைப் புடவைக்கு அடியில் அது இல்லை. வேறொரு உறை இருக்கிறது. உள்ளே ராதாவுக்கு வேலை உத்தரவு, ஏப்ரல் முதல் தேதி வந்து சேரச் சொல்லி! சாவி இருக்குமிடம் அவனுக்குத் தெரியும், எடுத்து அவனே தபாலில் போட்டுவிட்டு, பதிலைப் பீர் முகம்மது கடையில் வாங்கியிருக்கிறான். கூடவே தங்குமிடத்துக்கான பாரத்தின் நகல். ‘உடன் வசிப்பவர்’ என்ற இடத்தில் ‘தகப்பனார், ஒருவர்’ என்று எழுதி, புதுச் சட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் படத்தை ஒட்டியிருக்கிறான். அதற்கும் கீழே உங்கள் கையெழுத்தில் அவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு: ‘உன் அப்பாவிடம் நீயாக எதையும் கேட்காதே, மனம் நோவார். அவராகவே ஒரு நாள் எனக்கு உண்மையை எழுதுவார். எழுதிய அன்று பெட்டியைத் திறப்பார், அப்போது பார்த்துக்கொள்ளட்டும்.’ ஆக, ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டதும் இதற்காகத்தான்! இருக்கட்டும், சிங்கப்பூர் வந்து உங்களைக் கவனித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், நீங்கள் காத்திருப்பீர்களே என்று அனுப்புகிறேன்.

ராதா வெளியே கோழிக் கூட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் எழுந்து வெளியே போகவில்லை. அந்த வேலை உத்தரவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது மச்சான், ஓர் எழுத்தும் கரையாமல். நான் தடவவில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், இரண்டு பேர் வருகிறோம்.