பெண் பார்க்கப் போன அட்டை

பெண் பார்க்கப் போகிறவன் துவைத்த சாக்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டும். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் வளர்ந்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ('கவர்மெண்ட் வேலை மாதிரி' என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.) அம்மா அவசரமாக வரச் சொன்னதால், பையில் கிடந்த ஈர சாக்ஸையே மாட்டிக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் செல்வி வீட்டுக்குள் அம்மாவோடு நுழைந்தேன்.

செல்வியின் அப்பா அரிசி மில் வைத்திருந்தார். "காட்ல இன்னா வேல தம்பி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். காடு மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதை, தேயிலைக்காக அதை வெட்டித் தள்ளியதை, மிச்சமிருக்கும் துண்டுக் காடுகளில் மரம் விட்டு மரம் தாவ வழியில்லாமல் சிங்கவால் குரங்குகள் ரோட்டில் இறங்கி அடிபடுவதை... கேசரி ஆறிப்போனது.

"அங்க ஒரு சின்னப் புழுவுக்குக்கூட வேலை இருக்குதுங்க. எதையும் அழிக்கக் கூடாது" என்று முடித்தேன்.

"அதெல்லாம் செரி தம்பி, உங்க காலு..." என்றார் செல்வியின் அம்மா.

குனிந்தேன். சாக்ஸ் முழுக்க ரத்தம். வலியே இல்லை, அட்டை கடித்தால் தெரியாது, ரத்தமும் லேசில் நிற்காது. சாக்ஸை இறக்கியதும், சுண்டுவிரல் அளவு பருத்த அட்டை ஒன்று ஜமுக்காளத்தில் விழுந்து, எதிரே உட்கார்ந்திருந்த செல்வியை நோக்கி நகர்ந்தது. (நான்தான் கூச்சத்தில் பெண்ணை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அது பார்த்தது.)

"அய்யய்யோ!" என்று செல்வியின் அம்மா உள்ளே ஓடி, கை நிறைய உப்போடு வந்தார். நான் பாய்ந்து இரண்டு கைகளாலும் அட்டையை மூடிக்கொண்டு, "போடாதீங்கம்மா! பாவம், அது காட்டுக்குத் திரும்பணும்!" என்று கத்தினேன்.

என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி யார் எனக்குப் பெண் கொடுப்பார்கள்?

செல்விதான் எழுந்து போய் ஒரு காலி பாட்டிலோடு வந்தாள்.

"இதுல வுடுங்க. மூடில ஓட்ட போட்டுக்கினு வந்துருக்கேன், மூச்சு முட்டாது."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாட்டிலோடு பஸ் ஏறி, அட்டையை அதன் காட்டிலேயே விட்டேன். "அட்டைக்கே இவ்ளோ பாக்கறாரு, நம்ம பொண்ண நல்லா வெச்சிக்குவாரு" என்று மாமனார் சம்மதம் சொன்னது பிறகு தெரிந்தது.

இன்றும் வீட்டில் சண்டை வந்தால் செல்வி பிள்ளைகளைக் கூப்பிட்டு நியாயம் கேட்பாள்: "அன்னிக்கு அந்த அட்டைக்காகப் பாஞ்சாரே உங்கப்பா, எனக்காக ஒரு தடவ பாஞ்சிருக்காரா, கேளுங்கபா!"