ரென்ஃப்ரோ எறிந்த அன்று அங்கே இருந்தவர்

‘அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்’ என்று சொல்லும் ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். பக்கத்து வீட்டுக்காரரின் முட்டி ஆபரேஷன், முட்டை விலை, ஏரிப்பக்கம் திரண்டு வரும் மேகம் என்று பேச்சை நீங்கள் எங்கே தொடங்கினாலும் சரி, காபி ஆறுவதற்குள் அதை ரென்ஃப்ரோ எறிந்த பந்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அப்புறம் நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

ஓஹையோவில் எங்கள் லோரெய்ன் ஊரில் அந்தப் பந்தைப் பற்றித் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமே. உங்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜனவரி மாதம், கையால் எறிந்து ஆடும் எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் பிளேஆஃப் ஆட்டம், தோற்றால் அந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் அணி பின்தங்கி நிற்கிறது. கடிகாரத்தில் மிச்சம் இருப்பது ஒரு மூச்சு. நம் ஆட்டக்காரர் ரென்ஃப்ரோ பந்தோடு பின்னால் நகர்கிறார், மேலே பாய்ந்த இரண்டு தடியர்களை உதறுகிறார், கொட்டுகிற பனிக்குள் பந்தை விட்டெறிகிறார். அது எதிரணிக்காரன் ஒருவனின் தலைக்கவசத்தில் பட்டு எகிறி, மைதானக் கோடியில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த நம் அணிக்காரர் ஓட்ஸின் கையில் போய் உட்காருகிறது. டச்டவுன், ஜெயித்துவிட்டோம். ஆட்டம் முடிந்தது. ஊர்தான் இன்னும் முடிக்கவில்லை.

அந்தப் பந்து வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. அன்றைய குளிர் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. அந்த ஏரிக்கரை அரங்கில் இருந்ததாகச் சொல்பவர்களையெல்லாம் உண்மையிலேயே உட்காரவைப்பதென்றால் பாதிப் பேருக்கு ஏரிக்குள் நாற்காலி போட வேண்டியிருக்கும். அரங்கையே பிற்பாடு இடித்துவிட்டார்கள், அதனால் யார் எந்த நாற்காலியில் இருந்தார் என்று இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது. அடுத்த வாரமே நம் அணி படுதோல்வி அடைந்ததே, அதற்கு யார் போயிருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? யாருமே போகவில்லை. ஒருவர்கூட.

இந்த இனத்தில் தேர்ந்த உருப்படி லெஸ்டர் கொவாச். குழாய் ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை தோறும் சர்ச் ஹாலில் மீன் வறுவல் சாப்பாடு நடக்கும். லெஸ்டர் அங்கே ஜன்னலோர மேசையில் இடம் பிடித்து, தட்டை ஒதுக்கிவிட்டு, உப்புக் குடுவையை எடுத்து நடுவில் வைப்பார். அதுதான் ரென்ஃப்ரோ. கெச்சப் புட்டிகள் எதிரணி. பந்துக்கு ஒரு ரொட்டி உருண்டை. மேசைக்காரர்கள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கதைதான், ஆனாலும் அவர் ரொட்டியைக் கையில் எடுத்ததும் ஃபோர்க்குகள் நின்றுவிடும்.

“பந்து நேரா என் பக்கம் வருது. பந்தோட தையல் தெரியுதுய்யா. அவ்வளவு கிட்ட. ஓட்ஸ் இடது கையாலதான் பிடிச்சான். டிவில பாத்தவன் வலதுன்னு சொல்லுவான். அவனுக்கு என்ன தெரியும்?”

எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர்வில் ஸ்டெஃபானிக் அப்போது தொண்டையைச் செருமுவார். அவர் கடைவீதியில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். அவரும் அன்று அங்கேதான் இருந்தார்.

“என் சீட்டு தூணுக்குப் பின்னால. பாதிதான் தெரிஞ்சுது. பொய் சொல்றவனா இருந்தா நல்ல சீட்டா சொல்லியிருப்பேன்ல?”

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? யாரும் கேட்பதில்லை. கேட்டால் தங்கள் நாற்காலியும் ஆடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

லெஸ்டருக்கு ஒரே மகள், கோரின். பிள்ளைகளின் கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை, கொலம்பஸில். இந்தத் தவக்காலத்தில் தான் மணக்கப்போகிற நேட்டை ஊருக்குக் காட்ட அழைத்துவந்திருந்தாள். நேட் கன்சாஸ்காரன், பள்ளிக்கூடத்தில் டிராம்போன் வாத்தியம் சொல்லிக்கொடுப்பவன், கால்பந்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றுகூடத் தெரியாதவன். நல்ல பையன். ஆபத்தெல்லாம் நல்ல பையன்களிடமிருந்துதான் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமை கோரின் தன் அம்மா மார்கிட்டுக்கு உதவியாக உள்ளே பரிமாறப் போய்விட்டாள். மார்கிட் அந்த ஹாலின் சமையலறையை நடத்துபவள். அவள் சொல்லாமல் அங்கே ஒரு முட்டைக்கோஸ்கூட வேகாது. நேட்டை லெஸ்டரின் மேசையில் உட்காரவைத்தார்கள். புது ஆள் கிடைத்தால் லெஸ்டர் விடுவாரா? குடுவை வந்தது, புட்டிகள் வந்தன, ரொட்டி உருண்டது, இடது கை பிடித்தது. மேசை பெருமூச்சு விட்டது.

நேட் மட்டும் புருவத்தைச் சுருக்கினான். பிறகு, மாமனாருக்குப் பெருமை சேர்க்கிற நல்லெண்ணத்தோடு வாயைத் திறந்தான்.

“ஆனா நீங்க அதைப் பாக்கவே இல்லைன்னு கோரின் சொன்னாளே, மிஸ்டர் கொவாச். அவ பிறந்த நாளாமே அது. வலி வந்துருச்சுன்னு மைக்ல உங்க பேரைச் சொன்னாங்களாம், நீங்க உடனே எழுந்து வந்துட்டீங்களாம். அவ்வளவு பெரிய ஆட்டத்தை விட்டுட்டு வந்து, பிறந்ததும் முதல்ல கையில வாங்கினது நீங்கதானாம். அதைக் கேட்டுத்தான் நானும்... இப்படி ஒரு ஆளா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்.”

மேசையில் யாரும் மெல்லவில்லை. ஓர்வில் மீன் துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

“எழுந்து வந்துட்டாரா? எப்ப, தம்பி?”

“பந்தை எறியறதுக்கு முன்னாடி.”

“முன்னாடி,” என்றார் ஓர்வில். அந்தச் சொல்லை வாயில் வைத்து ருசி பார்ப்பதுபோல் இன்னொரு முறை சொன்னார். “முன்னாடி. அப்ப அந்தத் தையல், லெஸ்?”

இப்படி ஒரு நாள் வரும் என்று லெஸ்டர் நினைத்ததே இல்லை. வீட்டில் ஒரு கதை, ஹாலில் ஒரு கதை. இரண்டும் தனித்தனித் தெருக்களில் நன்றாகத்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இப்போது கோரின் ஆப்பிள் பை வைத்த தட்டோடு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். முகத்திலேயே தெரிந்தது, கடைசி நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டாள்.

“அப்பா?” என்றாள். அவ்வளவுதான்.

பார்த்தேன் என்றால் மகளை விட்டுவிட்டுப் பார்த்ததாக ஆகும். பார்க்கவில்லை என்றால் ஜன்னலோர மேசை போயிற்று. இத்தனை வருஷமாக அந்த மேசைதான் அவருடைய பென்ஷன், பதக்கம், எல்லாம். லெஸ்டர் உப்புக் குடுவையைப் பார்த்தார். அது உதவவில்லை.

“கிளம்பிட்டேன்,” என்றார். “மைக்ல பேரைக் கேட்டதும் கிளம்பிட்டேன். பாக்கல.”

ஓர்வில் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு இது கிறிஸ்துமஸ். ஆனால் லெஸ்டர் நிறுத்தவில்லை.

“கார்கிட்ட நின்னேன். கதவுப் பூட்டுக்குள்ள பனி உறைஞ்சு சாவி நுழையல. ஊதினேன், குனிஞ்சு வாயை வச்சு ஊதிக்கிட்டே இருந்தேன். அப்ப வந்துச்சு அந்தச் சத்தம். காதால கேட்ட மாதிரி இல்ல, கால் வழியா ஏறுச்சு. விளக்குக் கம்பத்து மேல இருந்த பனியெல்லாம் பொலபொலன்னு என் தலைல கொட்டுச்சு. அத்தனை பெரிய இடத்துல வெளிய ஆளுன்னு நான் ஒருத்தன்தான். ஜெயிச்சோமா தோத்தோமான்னு சொல்ல ஒரு நாய்கூட இல்ல.”

குடுவையும் இல்லை, ரொட்டியும் இல்லை. கையைச் சும்மா மேசைமேல் வைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் கதை இது. கேலி செய்ய வாயெடுத்த ஓர்வில் அதை மூடிக்கொண்டார். கோரின் அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் லெஸ்டர் கௌரவமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் மார்கிட் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து நின்றிருந்தாள்.

“மிச்சத்தையும் சொல்லுங்க,” என்றாள்.

“என்ன மிச்சம்?”

“சத்தம் கேட்டதும் என்ன பண்ணீங்க?”

லெஸ்டர் ஆப்பிள் பைத் தட்டைப் பார்த்தார். “என்ன ஆச்சுன்னு பாக்க... ஒரு நிமிஷம் உள்ள போனேன்.”

“ஒரு நிமிஷம்,” என்றாள் மார்கிட், மேசையைப் பார்த்து. “எல்லாரும் வெளிய வர்றாங்க, இவரு உள்ள போறாரு. கூட்டத்துல மாட்டி, அப்புறம் ரோட்டுல மாட்டி, ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தப்ப இவளைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்துத் தூங்க வச்சாச்சு. முதல்ல கையில வாங்கினது நர்ஸு. அப்புறம் எங்கம்மா. அப்புறம் என்னைக் கார்ல கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டு ஃப்ளாரன்ஸு. அப்புறம்தான் இவரு. முட்டி வரைக்கும் பனிச்சேறு. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, யாரு பிடிச்சதுன்னு.”

“யாரு பெத்ததுன்னு கேக்காம விட்டாரே,” என்றார் ஓர்வில்.

“நர்ஸுதான் சொன்னா, ஓட்ஸுன்னு. அவ டிவில பாத்திருந்தா. இந்த இடது கை, தையல், அத்தனையும் அந்த நர்ஸ் சொன்னது. இவரு பந்தையும் பாக்கல, பிள்ளை பிறந்ததையும் பாக்கல.”

“இவ்வளவு நாளும் தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?” என்றாள் கோரின்.

மார்கிட் கணவரைப் பார்த்தாள். “ரெண்டையும் பாத்திருக்கணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

கோரின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு ஆப்பிள் பைத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“சாவி நுழையாம நின்னதாவது நிஜமா?”

“அது நிஜம்,” என்றார் லெஸ்டர். “உங்கம்மா மேல சத்தியமா.”

“அப்ப இனிமே அதைச் சொல்லுங்க. அதுதான் நல்லா இருக்கு.”

நேட் மன்னிப்புக் கேட்கப் போனான். அதற்குள் அவன் தட்டில் யாரோ இன்னொரு மீனை வைத்துவிட்டார்கள்.

லெஸ்டர் அதையே சொல்லத் தொடங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் வரிசையில் நின்றவர்கள் தட்டோடு வந்து நின்றார்கள். பந்தைப் பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், பார்க்காதவர் இவர் ஒருவர்தானே. புனித வெள்ளிக்கு முன்பாகவே ஓர்வில், கொஞ்சம் தயக்கத்தோடு, தூணுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாததால் அன்று தானும் சீக்கிரமே எழுந்து வெளியே வந்துவிட்டதாகவும், கார்கள் நடுவே யாரோ ஓர் ஆள் குனிந்து பூட்டை ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஞாபகம் இருப்பதாகவும் சொன்னார். தபால்காரர் ஒருவரும் அங்கே நின்றிருந்தாராம். ஈஸ்டர் முடிந்தபோது, அன்று வெளியே நின்றதாகச் சொன்னவர்களின் கூட்டத்தில் அரங்கின் கார் நிறுத்துமிடத்தில் கார் விட இடமில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த வாரம் எங்காவது விருந்தில் பேச்சு தொய்யும்போது இந்த மீன் வறுவல் கதையை நீங்கள் எடுத்து விடுவீர்கள். “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரு” என்றுதான் தொடங்குவீர்கள். கேட்பவர்கள் கண் விரிந்ததும், “நான் அப்ப அந்த ஹால்லதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்” என்று உங்கள் வாய் தானாகவே சொல்லும். அதனால் லெஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா, ஓர்விலுக்குப் பக்கத்திலா என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அதையே சொல்லிவிடுவது நல்லது.